மண்டபம் கேம்ப்: ஒரு பெயர்ப்பலகைக்குப் பின்னால்

ராமநாதபுரத்திலிருந்து ராமேசுவரம் போகிற பாசஞ்சர் ரயில் பாம்பன் கடலைத் தொடுவதற்கு முன் ஒரு சின்ன நிலையத்தில் நிற்கும். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில் ‘மண்டபம் கேம்ப்’ என்றிருக்கும். அதைத் தாண்டி அடுத்த நிலையம்தான் மண்டபம். ஊருக்கு ஒரு நிலையம், முகாமுக்கு ஒரு நிலையம். ‘கேம்ப்’ என்று முதலில் சொன்னவர் யார், எதற்காகச் சொன்னார் என்று சின்ன வயதிலிருந்தே எனக்குள் ஒரு கேள்வி உண்டு. இலங்கை அகதிகள் தங்கியிருக்கும் முகாம் அங்கே இருப்பதால் அந்தப் பெயர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நானும் வெகுநாள் அப்படியே நினைத்திருந்தேன்.

அது தவறு என்று எனக்குக் காட்டிக் கொடுத்தவை மீன்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947-இல் சென்னையில் தொடங்கி, 1949-இல் மண்டபத்துக்கு வந்தது. 1971-இல் தலைமையகம் கொச்சிக்குப் போகும் வரை அங்கேதான் இருந்தது. அந்த நிலையத்து விஞ்ஞானிகள் 1950-களில் எழுதிய கட்டுரைகளை வேறொரு வேலைக்காகப் புரட்டிக்கொண்டிருந்தேன். மத்தி மீனைப் பற்றியோ கடல் அட்டையைப் பற்றியோ எழுதியிருப்பார்கள். முகவரியில் ‘மண்டபம் கேம்ப்’ என்று போட்டிருப்பார்கள். இலங்கைத் தமிழர்களை அகதிகளாக்கிய 1983 ஜூலைக் கலவரத்துக்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே அந்தப் பெயர் தபால் முகவரியாகிவிட்டது. அப்படியானால் அகதிகள் வருவதற்கு முன்பே அங்கே வேறு யாரோ முகாம் போட்டிருக்க வேண்டும்.

அந்தக் கேள்வியை அப்படியே மூட்டை கட்டி வைத்துவிட்டேன். அதை மறுபடி அவிழ்க்க வைத்தது 2014 செப்டம்பர் 18. அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை எபோலா நோயைப் பற்றி 2177-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. மேற்கு ஆப்பிரிக்காவில் அந்தக் கொள்ளைநோய் பரவுவது உலக அமைதிக்கும் பாதுகாப்புக்கும் ஆபத்து என்றது அந்தத் தீர்மானம். பொதுச் சுகாதாரம் வெளியுறவுக் கொள்கைக்குள் இப்போதுதான் காலெடுத்து வைத்திருக்கிறது என்பது போலப் பலர் எழுதினார்கள். அதையெல்லாம் படிக்கும்போது என் கண் முன்னால் அந்த மஞ்சள் பலகைதான் வந்து நின்றது. காரணம், அதற்குச் சில மாதங்களுக்கு முன்னால் கோத்தகிரிப் பக்கம் ஒரு மூதாட்டி வீட்டில் ஒரு தகர வில்லையைப் பார்த்திருந்தேன்.

அவர் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர். அப்படித் திரும்பியவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968-இல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில், டான்டீயில், கொழுந்து பறித்து ஓய்ந்தவர். அலமாரி மேலிருந்த பழைய பிஸ்கட் டப்பாவை இறக்கி, மஞ்சள் துணி முடிச்சொன்றை அவிழ்த்து, அதை என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரியது. மேலே ஒரு துளை. துளையின் ஓரம் கயிறு உராய்ந்து உராய்ந்து பளபளவென்று தேய்ந்திருந்தது. நடுவில் ஆங்கில எழுத்தொன்றும் எண்களும் குத்திப் பதித்திருந்தார்கள். கடைசி எண்ணைத் துரு தின்றுவிட்டது.

“எங்க தாத்தா கழுத்துல கெடந்தது தம்பி. ஊர்லயே கங்காணி கட்டி விட்டாராம்.”

“எந்த வழியா கண்டிக்குப் போனாங்கன்னு சொல்லியிருக்காரா பாட்டி?”

“மண்டபத்துல அஞ்சாறு நாளு அடைச்சு வச்சாங்களாம். உடுத்துன துணியெல்லாம் வாங்கி ஆவியில போட்டுக் குடுத்தாங்களாம். பெறகு ரயில்ல ஏத்தி பாலத்து மேல கூட்டிப் போனாங்க, ரெண்டு பக்கமும் கடலுன்னு சொல்வாரு. அந்தத் துணி நாத்தம் சாகுற வரைக்கும் அவருக்கு மூக்குல இருந்துச்சு.”

பாலம் என்று அவர் சொன்னது எனக்குப் பெரிய துப்பு. பாம்பன் ரயில் பாலம் 1914 பிப்ரவரி 24-இல் திறக்கப்பட்டது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது அதே ஆண்டு மார்ச் 1-இல். அதற்கு முன்பு போயிருந்தால் தாத்தா தூத்துக்குடியில் கப்பலேறி நேரே கொழும்புக்குப் போயிருப்பார். தூத்துக்குடி ரயில் பாதையில் தட்டப்பாறை என்றொரு நிலையம் இருக்கிறது. அங்கேயும் ஒரு தடுப்பு முகாம் இருந்தது. கொழும்பில் இறங்கியவர்களுக்கு ராகமையில் இன்னொன்று. அந்த ராகமை முகாம் போயர் போரில் பிடிபட்ட கைதிகளையும் அடைத்து வைத்திருந்த இடம். ஆக, தாத்தா 1914-க்குப் பிறகு போனவர். அவரை அடைத்து வைத்தது யார்?

இந்தக் கேள்வியோடு எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். அந்தச் செங்கல் கட்டடத்தில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும்: முதலில் அட்டவணைத் தொகுதி, பிறகு அரசாணை எண், பிறகு சீட்டு, அதன்பின் காத்திருப்பு. நான் செய்த முதல் தவறு, பொதுச் சுகாதாரத் துறையின் அட்டவணையைப் பிடித்துக்கொண்டு பல நாள் உட்கார்ந்தது. காலரா, அம்மை, பிளேக், அம்மைப்பால் குத்தும் ஊழியர்களின் சம்பளம் என்று மாவட்டம் மாவட்டமாக எல்லாம் வந்தன. மண்டபம் மட்டும் வரவில்லை. ஆயிரமாயிரம் பேரை மருத்துவர்கள் சோதித்த ஓர் இடம் சுகாதாரத் துறை ஏட்டில் பெயருக்குக்கூட இல்லையே என்று குழம்பிப் போனேன். பக்கத்து மேசையில் நிலப் பதிவேடுகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், பல நாளாக என் முகத்தைப் பார்த்தவர், “சீக்கைத் தேடினா கிடைக்காதுங்க. எமிக்ரேஷன்ல பாருங்க, அதுல இருக்கும்” என்றார்.

குடிபெயர்வுத் தலைப்பின்கீழ்தான் இருந்தது. ஆனால் எல்லாம் இல்லை. பழைய சென்னை மாகாண அலுவலக முறையில், ஒரு கோப்பை முடிக்கும்போதே அதன் ஆயுளையும் முடிவு செய்துவிடுவார்கள். ஆர்.டிஸ். என்றால் நிரந்தரம். டி.டிஸ். பத்தாண்டு. கே.டிஸ். மூன்றாண்டு. எல்.டிஸ். என்றால் ஓராண்டில் குப்பை. சட்டம், ஒப்பந்தம், செலவுப் பங்கு பற்றிய தாள்கள் ஆர்.டிஸ். ஆகிப் பிழைத்துக்கொள்கின்றன. முகாமில் காய்ச்சல் கண்டு நிறுத்தப்பட்ட ஒரு பெண், அவள் பிள்ளை, அவர்களைத் திருப்பி அனுப்பிய நாள் போன்றவை குறுகிய ஆயுளுள்ள கோப்புகளுக்குள் போயிருக்கும். தாத்தாவின் பெயர் எங்காவது எழுதப்பட்டிருந்தாலும் எப்போதோ எரிந்து போயிருக்கும். நான் எழும்பூரில் அதிகம் வருந்திய நாள் இது புரிந்த நாள்தான்.

பிழைத்த தாள்களிலிருந்து ஒன்று தெளிவாகத் தெரிந்தது. மண்டபம் முகாம் சென்னை மாகாண அரசு நடத்திய முகாம் அன்று; இலங்கை அரசு நடத்தியது. இடம் ராமநாதபுரம் சீமை, நிர்வாகம் கொழும்பு. இலங்கைக்குள் யார் நுழையலாம் என்ற தீர்ப்பு, இலங்கைக் கரையிலிருந்து கடல் தாண்டி, இந்தியக் கரையிலேயே சொல்லப்பட்டது. இன்று ஒரு நாடு இன்னொரு நாட்டு விமான நிலையத்தில் தன் குடிவரவு அதிகாரிகளை உட்கார வைத்தால் அது இரு நாட்டு ஒப்பந்தம், செய்தித்தாளில் முதல் பக்கம். இங்கே ஒரு மருத்துவர், ஒரு நீராவிக் கொப்பரை, ஒரு வேலி ஆகியவற்றை வைத்துக்கொண்டு ஒரு நாட்டெல்லை ஓசையில்லாமல் இந்த மணலுக்கு நகர்ந்து வந்திருந்தது.

ஏன் நகர்ந்தது என்பதைப் புரிந்துகொள்ள நான் பாக் நீரிணையை விட்டு வெகுதூரம் போக வேண்டியிருந்தது.

1851-இல் பாரிஸில் முதல் சர்வதேச சுகாதார மாநாடு கூடியது. பன்னிரண்டு அரசுகள். ஒவ்வொன்றும் இரண்டு பேரை அனுப்பின: ஒருவர் மருத்துவர், இன்னொருவர் ராஜதந்திரி. நோயும் வெளியுறவும் ஒரே மேசையில் உட்கார்ந்தது அன்றே நடந்துவிட்டது. 1865-இல் ஹஜ் யாத்திரையின்போது காலரா வெடித்து ஐரோப்பாவுக்கும் போனது. அடுத்த ஆண்டு கான்ஸ்டாண்டிநோபிளில் கூடியவர்கள் காலராவின் ஊற்றுக்கண் இந்தியா என்று விரல் நீட்டினார்கள். அன்றிலிருந்து பிரிட்டன் நடத்திய வாதத்தைப் படிக்கப் படிக்க எனக்கு ஆற்றாமையாக இருந்தது. செங்கடலில் தன் கப்பல்களைத் தடுத்து வைக்கக்கூடாது, தடுப்புக் காவல் வணிகத்தைக் கெடுக்கும், காலரா மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவதே இல்லை என்றெல்லாம் பிரிட்டிஷ் இந்தியா வாதாடியது. இந்திய அரசின் சுகாதார ஆணையர் ஜே.எம். கன்னிங்ஹாம் தொற்றுக் கொள்கையைக் கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை. 1884-இல் ராபர்ட் காக் கல்கத்தாவில் ஒரு குளத்து நீரில் காலராக் கிருமியைக் கண்டுபிடித்துச் சொன்ன பிறகும், அடுத்த ஆண்டு ரோம் மாநாட்டில் பிரிட்டன் முரண்டு பிடித்தது.

அதாவது, சூயஸ் கால்வாய் வழியே லண்டனுக்குப் போகிற இந்தியச் சரக்குக்குத் தடுப்புக் காவல் கூடாது. ராமநாதபுரத்திலிருந்து மாத்தளைக்குப் போகிற கூலிக்குக் கட்டாயம் வேண்டும். ஒரே பேரரசு, ஒரே நோய்.

1896 செப்டம்பரில் பம்பாயில் பிளேக் வெளிப்பட்டதும் நிலைமை மாறியது. ஐரோப்பிய நாடுகள் இந்தியச் சரக்கையே தடை செய்வோம் என்று மிரட்டின. வெனிஸ் நகரில் பிளேக்குக்கென்றே ஒரு மாநாடு 1897 பிப்ரவரி 16-இல் தொடங்கவிருந்தது. இந்தியாவில் தொற்றுநோய்ச் சட்டம் நிறைவேறியது அதே பிப்ரவரி 4-இல். இடையில் பன்னிரண்டே நாள். நம் தாலுகா அலுவலகங்கள் வரை வந்து சேர்ந்த அந்தச் சட்டம், 2020-இல் கொரோனாவின்போது மறுபடி கையில் எடுக்கப்பட்ட அதே சட்டம், பம்பாய்த் தெருக்களுக்காக மட்டும் எழுதப்படவில்லை. வெனிஸில் உட்காரப் போகிறவர்களின் பார்வைக்கும் சேர்த்தே எழுதப்பட்டது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

கொழும்பின் நிலை இன்னும் சிக்கலானது. ஐரோப்பாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கிழக்காசியாவுக்கும் நடுவே கரி நிரப்பிக்கொள்ளும் பெரிய துறைமுகம் அது. நோய் பிடித்த துறைமுகம் என்று ஒருமுறை பெயர் விழுந்துவிட்டால், அங்கே நின்று வந்த கப்பலையெல்லாம் அடுத்த துறைமுகம் சந்தேகத்தோடு பார்க்கும். தேயிலைக்கோ ஆட்கள் வேண்டும். ஆட்கள் தென் தமிழ்நாட்டிலிருந்து வருகிறார்கள். அதற்கு முந்தைய காப்பிக் காலத்தில் அவர்கள் மன்னார்ப் பக்கம் தோணியில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். வடக்குப் பாதை என்று அதற்குப் பெயர். வழியெல்லாம் காலராவிலும் காய்ச்சலிலும் விழுந்து செத்தார்கள். அந்த வழியை அடைத்துவிட்டு ரயிலும் கப்பலுமாக வருகிற வழியைத் திறந்தது உயிர்களைக் காத்தது என்பதை நான் மறுக்க மாட்டேன். மண்டபத்தில் குத்திய அம்மைப்பாலும் காத்தது. எனக்குள்ள வழக்கு அதைப் பற்றியது அல்ல.

கழுத்தில் கட்டிய வில்லை பற்றியது என் வழக்கு. தகர டிக்கெட் முறை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. வில்லையிலிருந்த எழுத்தும் எண்களும் ஆள் எந்த வட்டாரத்து எந்தத் தோட்டத்துக்குப் போகிறார் என்பதைச் சொல்லும். அதைக் காட்டினால் ரயிலில் ஏற்றுவார்கள், முகாமில் சோறு போடுவார்கள், கப்பலில் ஏற்றுவார்கள். செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். தோட்டம், ஆள் திரட்டிய கங்காணியின் கணக்கில் ஏற்றும். கங்காணி ஆளின் கணக்கில் ஏற்றுவார். ஆக, தன் துணியை ஆவியில் வேக வைத்ததற்கும் தன்னை ஐந்தாறு நாள் அடைத்து வைத்ததற்கும் ஆன செலவு, தோட்டக் குடியிருப்பான லயத்துக் காம்பராவுக்குள் நுழையும் முன்பே அந்த ஆளின் தலையில் கடனாக உட்கார்ந்திருக்கும். ஆள் திரட்டும் செலவைத் தொழிலாளியிடம் பிடிக்கக்கூடாது என்று சட்டம் வந்தது 1923-இல்தான். அது வரை அவருக்கு நோய்ச் சோதனை, பயணச்சீட்டு, கடன்பத்திரம் மூன்றும் அந்த ஒரே தகரம்.

எல்லோரையுமா அடைத்தார்கள்? இல்லை. போட் மெயில் ரயிலில் மேல் வகுப்பில் போனவர்களை ஒரு மருத்துவர் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார். மூன்றாம் வகுப்புக்கும் கூலிகளுக்கும்தான் வேலிக்குள் வாசம். கிருமிக்கு டிக்கெட் வகுப்பு தெரியாது என்பது அந்த மருத்துவர்களுக்கும் தெரிந்துதான் இருக்கும்.

கொழும்பு ஏழில் இருக்கிற தேசிய ஆவணக் காப்பகத்தில், ஆண்டு நிர்வாக அறிக்கைகளின் தடித்த தொகுதிகளுக்கு நடுவே, எனக்கு இன்னொரு துப்பு கிடைத்தது. கொழும்பில் பிளேக் முதன்முதலில் வெளிப்பட்டது 1914 ஜனவரியில். தலைமன்னார்க் கப்பல் ஓடத் தொடங்குவதற்கும் முன்னால். நகரின் அரிசிக் கிடங்குகளில்தான் எலிகள் செத்து விழுந்தன. பர்மா அரிசி மூட்டைகளோடு வந்திருக்க வேண்டும் என்பது அன்றைய மருத்துவர்களின் சந்தேகம். மூட்டையை யாரும் ஐந்தாறு நாள் அடைத்து வைக்கவில்லை.

அந்த நகராட்சியில் எல். ஃபேபியன் ஹர்ஸ்ட் என்ற நுண்ணுயிரியலாளர் இருந்தார். அவர் எலிகளின் உடலிலிருந்து தெள்ளுப்பூச்சிகளைப் பொறுக்கிக் கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பார்த்தார். எல்லாம் ஒரே இனம் என்று பலரும் நினைத்துக்கொண்டிருந்த நேரம் அது. எந்த இனம் எங்கே இருக்கிறது என்று அவர் பிரித்துக் காட்டினார். பம்பாய்ப் பக்கத்து ஜெனோப்சில்லா கியோபிஸ் பிளேக்கைப் பரப்புவதில் கைதேர்ந்தது. கொழும்பிலும் சென்னையிலும் நிறைந்திருந்த ஜெனோப்சில்லா ஆஸ்டியா அதில் மந்தம். பம்பாயும் பஞ்சாபும் பிணக்காடாகிக் கொண்டிருந்தபோது தமிழ்ச் சமவெளி பெரிதும் தப்பித்ததற்குக் கண்ணுக்குத் தெரியாத இந்தப் பூச்சி வேற்றுமை ஒரு முக்கியக் காரணம் என்று அவர் வாதாடினார். 1953-இல் வெளிவந்த அவருடைய பிளேக் பற்றிய பெருநூல் இன்றும் மதிப்புக் குறையாதது. மண்டபத்தில் கழுத்து வில்லையோடு வரிசையில் நின்றவர்கள் பெரும்பாலும் பிளேக் அதிகம் எட்டிப் பார்க்காத சீமைக்காரர்கள். அந்த வரிசை எந்த நோய்க்காக நின்றதோ, அந்த நோய் அவர்கள் ஊரில் தங்கவே சிரமப்பட்டது.

பிளேக் பயம் தணிந்தது. வேலி தணியவில்லை; புதிய காரணங்கள் வந்து சேர்ந்தன. 1916-இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. மண்டபத்தில் நின்றவர்களுக்கும் புழு மருந்தும் பின்னாலேயே பேதி உப்பும் கொடுத்தார்கள். இரத்தம் செத்த ஆள் கொழுந்து பறிக்க மாட்டார் என்பது துரைமாருக்குக் கணக்கு. புழு உடலில் ஏறுவது வெறுங்காலில் மலக்கழிவு கலந்த மண்ணை மிதிப்பதால். கக்கூஸ் கட்டித் தராத தோட்டத்துக்கு, புழுவைக் கழித்துச் சுத்தமாக்கிய ஆளை அனுப்பி வைத்தார்கள்.

இதே காலத்தில் நோய்ச் செய்திக்கென்றே ஓர் உளவு வலை ஆசியாவில் எழுந்தது. சர்வதேச சங்கம் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) 1925-இல் சிங்கப்பூரில் ஒரு கொள்ளைநோய்த் தகவல் நிலையத்தைத் திறந்தது. எந்தத் துறைமுகத்தில் காலரா, எதில் பிளேக், எதில் அம்மை என்று தந்தியில் வாங்கித் தொகுத்து வாரந்தோறும் வானொலியில் ஒலிபரப்பியது. கப்பல் தலைவர்களும் துறைமுக மருத்துவர்களும் அதைக் கேட்டே முடிவெடுத்தார்கள். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. அந்த வலையும் அதோடு அறுந்தது.

இவ்வளவும் சேர்ந்த பிறகும் ஒரு முடிச்சு பாக்கி இருந்தது. இலங்கை தன் எல்லையை இங்கே கொண்டுவந்து வைத்தது சரி. டெல்லி இதை எப்படிப் பார்த்தது? எந்தத் துறை பார்த்தது? சுகாதாரமா, வெளியுறவா?

ஜன்பத் சாலைத் தேசிய ஆவணக் காப்பகத்தில், வெளியுறவு மற்றும் அரசியல் துறையின் பட்டியலில் தேடினேன். எல்லைப்புறப் பழங்குடிகள், திபெத்து, பாரசீக வளைகுடா, சமஸ்தானங்கள். தோட்டத் தொழிலாளி இல்லை. எழும்பூரில் கற்ற பாடத்தின்படி இம்முறை ஆளைத் தேடினேன். கண்டியில் இந்திய அரசுக்கு ஓர் ஏஜென்ட் இருந்தார். 1922-இன் இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்துக்குப் பிறகு, 1923-இல் உண்டான பதவி அது. ஆண்டுதோறும் அறிக்கை அனுப்புவார்: கூலி, அரிசி விலை, குழந்தை இறப்பு, மண்டபம். அந்த அறிக்கை டெல்லியில் யார் மேசைக்குப் போனது என்று உறையைப் பார்த்தேன்.

கல்வி, சுகாதாரம், நிலம் ஆகியவற்றுக்கான துறை.

வெகுநேரம் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடல் கடந்த இந்தியர்களின் விவகாரம் முழுவதும், தென்னாப்பிரிக்கா, பிஜி, மலேயா, இலங்கை எல்லாம், 1923 முதல் அந்தத் துறையின் அலமாரியில்தான் இருந்தது. சுகாதாரக் கோப்பும் இலங்கைத் தமிழ்த் தொழிலாளியின் கோப்பும் ஒரே செயலரின் கையெழுத்துக்குப் போயின. 1941-இல் கடல் கடந்த இந்தியர்களுக்கென்று தனித்துறை பிரிந்தது. 1944-இல் காமன்வெல்த் உறவுத் துறை என்று பெயர் மாறியது. 1947-இல் வெளிவிவகாரத் துறையோடு இணைந்து, சுதந்திர இந்தியாவின் வெளியுறவு அமைச்சகமாயிற்று.

1930-களில் அந்தக் கல்வி-சுகாதார-நிலத் துறையின் செயலராக இருந்தவர் கிரிஜா சங்கர் பாஜ்பாய். 1941-இல் இலங்கையோடு குடியேற்றப் பேச்சு நடத்தக் கொழும்புக்குப் போன குழுவின் தலைவரும் அவரே. சுதந்திரத்துக்குப் பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் முதல் பொதுச் செயலாளராக நேரு அமர்த்தியதும் அவரைத்தான். நம் வெளியுறவுப் பணியின் ஒரு வேர், அம்மைப்பாலும் கொக்கிப்புழுவும் குடிபெயர்வும் ஒன்றாகக் கட்டி வைத்திருந்த அந்த அலமாரிக்குள் போகிறது. எழும்பூரில் சுகாதாரத்தைத் தேடிக் குடிபெயர்வில் கண்டுபிடித்தேன். டெல்லியில் வெளியுறவைத் தேடிச் சுகாதாரத்தில் கண்டுபிடித்தேன்.

மண்டபம் வாசல் ஒருமுறை இந்தியப் பக்கமிருந்தும் சாத்தப்பட்டது. 1939-இல் இலங்கை அரசு தன் தினக்கூலி வேலைகளிலிருந்து இந்தியர்களை நீக்க முடிவெடுத்தது. ஜூலையில் நேரு கொழும்புக்குப் போய்ப் பேசிப் பார்த்தார், பலிக்கவில்லை. ஆகஸ்ட் 1-இல் இந்தியா, உடலுழைப்புத் தொழிலாளர் எவரும் இலங்கைக்குப் போகக்கூடாது என்று தடை போட்டது. அது வரை கொழும்பின் மருத்துவர் ‘இவரை அனுப்பலாம், இவரை வேண்டாம்’ என்று சொல்லிக்கொண்டிருந்த இடத்தில், டெல்லி ‘ஒருவரையும் அனுப்ப மாட்டோம்’ என்றது. தடை கெடுபிடியானது. கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் ஊருக்கு வந்திருந்தவர்கள் மனைவி மக்களை மலையில் விட்டுவிட்டு இக்கரையில் மாட்டிக்கொண்டார்கள். 1942-இல்தான் அவர்களுக்காகத் தளர்த்தினார்கள்.

பிறகு நடந்தது தெரிந்த கதை, நான் நீட்டவில்லை. 1948-இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம். 1974-இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். 1964 டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை விழுங்கியிருந்ததால், கப்பல் ராமேசுவரத்துக்கு வந்தது. வந்தவர்களை இறக்கிப் பதிந்து அனுப்ப ஓரிடம் தேவைப்பட்டது. தயாராக ஓரிடம் இருந்தது. 1983-க்குப் பிறகு படகில் வந்தவர்களுக்கும் அதே இடம். 2022-இல் இலங்கைப் பொருளாதாரம் சரிந்து, பால்மாவும் மண்ணெண்ணெயும் இல்லாமல் கைக்குழந்தைகளோடு தனுஷ்கோடி மணல்திட்டில் இறங்கியவர்களையும் அங்கேதான் கூட்டிப் போனார்கள்.

இந்த விவரங்களையெல்லாம் சேர்த்துக்கொண்டு மறுபடி கோத்தகிரிக்குப் போனேன். பாட்டிக்குக் கண் மங்கியிருந்தது; குரல் மாறவில்லை. அவருடைய தாத்தாவின் பெயர் எந்த ஏட்டிலும் கிடைக்கவில்லை என்று சொன்னபோது, “கூலிக்காரன் பேரை யாரு தம்பி எழுதி வைப்பா” என்றார். வில்லையிலிருந்த எழுத்தும் எண்களும் ஒரு வட்டாரத்தையும் ஒரு தோட்டத்தையும் குறிப்பவை, அதில் ஆளின் பெயருக்கு இடமே கிடையாது என்று விளக்கினேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

“நீங்க எப்ப வந்தீங்க பாட்டி?”

“ராமானுஜம் கப்பல்ல வந்தோம். எங்க வீட்டுக்காரரு, நான், மூணு புள்ளைங்க. எறங்குனதும் மண்டபந்தான். எனக்கு எடம் தெரிஞ்சிருச்சு. தாத்தா சொன்ன எடம்னு அவருகிட்ட சொன்னேன். அவரு எதுவும் பேசல.”

டப்பாவுக்குள் வில்லைக்கு அடியில் மடித்து வைத்திருந்த ஒரு பழைய அட்டையை எடுத்துக் கொடுத்தார். தாயகம் திரும்பியவர்களுக்கு மண்டபத்தில் கொடுத்த குடும்ப அட்டை. நான்காக மடித்த மடிப்பில் கிழிந்து, பின்னால் சோற்றுப் பசையால் காகிதம் ஒட்டியிருந்தது. குடும்பத் தலைவரின் பெயர், உறுப்பினர்கள், அனுப்ப வேண்டிய இடம். மேலே ஓரத்தில் ஓர் எண். அதில் மூன்றாவது பிள்ளையின் பெயரை மையால் அடித்திருந்தார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்: “முகாம்லயே காய்ச்சல் வந்துருச்சு.”

அட்டையை அதே மடிப்பில் மடித்து, அதன் மேல் வில்லையை வைத்து, மஞ்சள் துணியை முடிந்து, டப்பாவை மூடினார்.